மூன்று குவியல்கள்: வேலையிடப் பொறாமையின் அறிவியல்

தூத்துக்குடிக் கடலில் நடந்த முத்துக்குளிப்பைப்போல் அதிர்ஷ்டத்தை நம்பிய தொழில்கள் குறைவு. ஒரே படகிலிருந்து, ஒரே பாரில் (சிப்பி கிடக்கும் கடலடித் திட்டில்), ஒரே நேரத்தில் இரண்டு பேர் இறங்குகிறார்கள். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து அடிக்குப் போய், ஒரு நிமிடம் போல மூச்சடக்கி, கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுக்கொண்டு மேலே வருகிறார்கள். ஒருவர் அள்ளியதில் ஏதோ ஒரு சிப்பிக்குள் குடும்பக் கடனையெல்லாம் அடைக்கும் முத்து இருக்கலாம். மற்றவர் அள்ளிய அத்தனையிலும் சதையைத் தவிர ஒன்றும் இல்லாமல் போகலாம். இருவரும் பட்ட பாடு ஒன்றுதான், சுறா பயமும் ஒன்றுதான். கிடைத்ததோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சக தொழிலாளியின்மேல் வயிறெரிய இதைவிட வசதியான இடம் இருக்க முடியாது. ஆனால் அந்தத் தொழிலில் பங்கு பிரித்த விதத்தைக் கவனித்தால், மனித மனத்தை நன்றாக அறிந்த யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு போலத் தெரிகிறது.

1905ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில், மரிச்சுக்கட்டியில் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்திலிருந்து போனவர்களும் அரபு நாட்டவரும் அதில் குளித்தார்கள். படகுகள் கரை திரும்பியதும் சிப்பிகளை வேலியிட்ட களத்துக்குள் கொண்டுபோய், குளியாட்களே அவற்றை மூன்று குவியல்களாகப் பிரிப்பார்கள். அரசு அதிகாரி வந்து இரண்டு குவியல்களைக் கைகாட்டுவார். அவை அரசுக்கு. மிஞ்சிய ஒன்று ஆட்களுக்கு. அதுவரை ஒரு சிப்பிகூடத் திறக்கப்பட்டிருக்காது. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். ஏலம் எடுத்த வியாபாரி சிப்பிகளை அழுகவிட்டு, அலசி, முத்தைத் தேடிக்கொள்வார். அரசுக்கு மூன்றில் இரண்டு, ஆட்களுக்கு மூன்றில் ஒன்று என்ற கணக்குதான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தூத்துக்குடிக் கரையிலும் நடப்பில் இருந்தது.

பிரிப்பவர் ஏன் ஒருவர், எடுப்பவர் ஏன் இன்னொருவர்? சிப்பியைத் திறப்பதற்கு முன்பே ஏன் பங்கு போட்டார்கள்? இதற்கு விடை தேடிப் போனால், இன்றைய அலுவலகத்தில் இன்கிரிமென்ட் கடிதம் வந்த மறுநாள் நிலவும் இறுக்கமும் சேர்ந்து புரியும்.

யாரைப் பார்த்து எரிகிறது?

துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அங்கே வந்து நிற்கும் கப்பலின் கேப்டன் மாதம் எத்தனை லட்சம் வாங்குகிறார் என்று நினைத்து அவர் தூக்கம் கெடுவதில்லை. பக்கத்து கேங்கில் இருப்பவருக்கு ஓவர்டைம் கூடுதலாகக் கிடைத்துவிட்டால் கெடுகிறது. கேப்டனோடு ஒப்பிட்டால் அந்த ஓவர்டைம் காசு தூசுக்குச் சமம். தொகை எவ்வளவு பெரிது என்பதைவிட ஆள் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதுதான் பொறாமைக்கு முக்கியம்.

அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் இதற்கு ஓர் அடிப்படை விளக்கம் தந்தார். உயரத்தையும் எடையையும் அளக்கக் கருவி இருக்கிறது. ‘நான் கெட்டிக்காரனா, என் உழைப்புக்குத் தக்க கூலி வாங்குகிறேனா’ என்பதை அளக்க அப்படி எதுவும் இல்லை. அதனால் மனம் அடுத்த ஆளை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. அதுவும் தன்னைப் போன்ற ஆளை. இதைச் ‘சமூக ஒப்பீடு’ என்கிறார்கள். ஒவ்வொருவரையும் சுற்றி இப்படி ஒப்பிடத் தக்கவர்களின் சிறு வட்டம் ஒன்று இருக்கிறது. அதை ‘ஒப்பீட்டு வட்டம்’ என்று வைத்துக்கொள்வோம். கேப்டன் நம் தொழிலாளியின் வட்டத்துக்கு வெளியே இருக்கிறார். பக்கத்து கேங்க்காரர் நட்டநடுவில் இருக்கிறார்.

அப்படியானால் நெருங்கிய நண்பரின் வெற்றி அந்நியரின் வெற்றியைவிட அதிகமாகச் சுட வேண்டுமே? ஏப்ரகாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாவும் 1980இல் இதைச் சோதித்தார்கள். சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஆட்டக்காரர் மற்றவர்களுக்குத் துப்பு கொடுக்க வேண்டும். எளிய துப்பைக் கொடுப்பதா, கடினமானதைக் கொடுப்பதா என்பது அவர் விருப்பம். மற்றவர்களில் சிலர் அவருடைய நண்பர்கள், சிலர் முன்பின் தெரியாதவர்கள். ‘இது வெறும் விளையாட்டு’ என்று சொல்லப்பட்டபோது ஆட்டக்காரர்கள் நண்பர்களுக்கு எளிய துப்புகளைக் கொடுத்து உதவினார்கள். ‘இது உங்கள் முக்கியமான திறமையை அளக்கும் தேர்வு’ என்று சொல்லப்பட்டபோது நிலைமை மாறியது. அந்நியர்களைவிட நண்பர்களுக்குத்தான் கடினமான துப்புகள் போய்ச் சேர்ந்தன.

நெருக்கம் மட்டும் இருந்தால் நண்பரின் வெற்றி நமக்கும் பெருமை. அந்த நெருக்கத்தோடு ‘இதுதான் என் பிழைப்பு, இதுதான் என் பெயர்’ என்ற எண்ணமும் சேர்ந்தால் அதே வெற்றி சுடுகிறது. இவை இரண்டும் தினமும் எட்டு மணி நேரம் ஒன்றாக இருக்கும் இடம் வேலையிடம். அங்கே பொறாமை மிகுந்திருப்பதற்கு ஆட்களின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஏறும் பொறாமை, இறக்கும் பொறாமை

பொறாமையில் இரண்டு ரகம் உண்டு என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் நீல்ஸ் வான் டி வென், மார்செல் ஸீலென்பெர்க், ரிக் பீட்டர்ஸ் மூவரும் 2009இல் எழுதினார்கள். பொறாமைப்பட்ட தருணங்களைப் பலரிடம் நினைவுகூரச் சொல்லி, அப்போது என்ன செய்யத் தோன்றியது என்று கேட்டதில் பதில்கள் இரண்டு திசையில் பிரிந்தன. ஒன்று, ‘நானும் அந்த இடத்துக்கு வர வேண்டும்’. இன்னொன்று, ‘அவன் அந்த இடத்திலிருந்து விழ வேண்டும்’. முதலாவதை ஏறும் பொறாமை என்றும் இரண்டாவதை இறக்கும் பொறாமை என்றும் சொல்லலாம். இரண்டிலும் வலி உண்டு. வலியிலிருந்து எந்தப் பக்கம் நகர்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

எது எப்போது வரும்? மற்றவருக்குக் கிடைத்தது அவருக்குத் தகும் என்று நாம் ஒப்புக்கொள்கிறோமா என்பது முதல் கேள்வி. முயன்றால் நமக்கும் கிட்டும் என்று நம்புகிறோமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் மனம் ஏறப் பார்க்கிறது. தகுதியில்லாமல் கிடைத்தது, நமக்கோ வழியே இல்லை என்று தோன்றினால் இறக்கப் பார்க்கிறது.

இறக்கும் பொறாமை வெறும் நினைப்போடு நின்றுவிடுவதில்லை. டேனியல் ஸிஸ்ஸோ, ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2001இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்கள் தங்கள் கைக்காசில் கொஞ்சத்தைச் செலவழித்தால் மற்றவர்களின் காசை ‘எரிக்கலாம்’ என்று விதி. எரிப்பதால் எவருக்கும் ஒரு பைசா லாபமில்லை. ஆனாலும் ஏறத்தாழ மூன்றில் இருவர் எரித்தார்கள்.

மூளைக்குள்ளும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் ஹிதேஹிகோ தகஹாஷியின் குழு, 19 பேரை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, தங்களைப் போன்ற ஒருவர் தங்களைவிட எல்லாவற்றிலும் சிறந்து விளங்குவதாக எழுதிய கதையைப் படிக்கச் செய்தது. மூளையின் முன்பகுதியில், வலியின்போதும் மனமுரண்பாட்டின்போதும் சுறுசுறுப்பாகும் பகுதி துடித்தது. அதே நபருக்குப் பிறகு கெடுதல் நேர்வதாகப் படித்தபோது, பரிசு கிடைக்கும்போது இயங்கும் உட்பகுதி விழித்தது. முதலில் அதிகமாக வலித்தவர்களுக்குப் பிறகு மகிழ்ச்சியும் அதிகம். 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இந்த முடிவு பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் மூளையின் ஒரு பகுதி பல வேலைகளில் பங்கெடுக்கிறது. அது துடித்தது என்பதை மட்டும் வைத்து ‘இதுதான் பொறாமையின் இருப்பிடம்’ என்று முத்திரை குத்திவிட முடியாது. ஸ்கேனருக்குள் படுத்துக் கதை படிப்பது வேறு, கூலி வாங்கும் வரிசையில் நிற்பது வேறு.

கூலி வரிசையில் ஒரு சோதனை

வேலையிடப் பொறாமையை ஆராய்வதில் இரண்டு தடைகள். ‘பொறாமையா இருக்கா?’ என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். அடுத்த தடை இன்னும் நுட்பமானது. குறைந்த கூலி வாங்குபவர் சோர்ந்து வேலை செய்கிறார் என்றால், அடுத்தவரின் கூடுதல் கூலியைப் பார்த்துச் சோர்ந்தாரா, தன் கூலி குறைவு என்பதாலேயே சோர்ந்தாரா? இரண்டையும் பிரித்தெடுக்காமல் எதுவும் சொல்ல முடியாது.

எமிலி பிரெஸா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தாசானி ஆகிய மூவர் ஒடிசாவில் நடத்திய சோதனை இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது. முடிவுகள் 2018இல் வெளிவந்தன. 378 தொழிலாளர்களுக்கு ஒரு மாத வேலை, நாள்கூலி. மூன்று மூன்று பேராக அணி. முதலில் சில நாள் எல்லோரும் எவ்வளவு செய்கிறார்கள் என்று அளந்து, அணிக்குள் முதல், இடை, கடை என்று வரிசை கண்டார்கள். பிறகு சில அணிகளில் அந்த வரிசைப்படி மூன்று வேறு கூலிகள். மற்ற அணிகளில் மூவருக்கும் ஒரே கூலி. ஆனால் அந்த ஒரே கூலி அணிக்கு அணி மாறும். சில அணிகளில் மூவருக்குமே கடைநிலைக் கூலி, சிலவற்றில் இடைநிலைக் கூலி, சிலவற்றில் மேல்நிலைக் கூலி. எந்த அணிக்கு எந்த முறை என்பது குலுக்கல் முறையில் தீர்மானமானது.

இந்த அமைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடைசி இடத்தில் இருக்கும் இரண்டு தொழிலாளிகளை ஒப்பிடுங்கள். ஒருவர் சம கூலி அணியில், இன்னொருவர் ஏற்றத்தாழ்வு அணியில். இருவரின் திறமையும் ஒரே தரம், இருவர் கையிலும் விழும் கூலி காசுக்குக் காசு சமம். பக்கத்தில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்பது மட்டுமே மாறுகிறது. இந்த இருவரின் வேலையில் வித்தியாசம் தெரிந்தால் அதற்கு ஒப்பீட்டைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

வித்தியாசம் தெரிந்தது. தன் கூலி மாறாமலிருந்தும், ஏற்றத்தாழ்வு அணியில் இருந்தவர்களின் உற்பத்தி விழுந்தது. வேலைக்கு வருவதே 18 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. நாள்கூலிக்காரர் ஒருவர் வராமல் இருந்தால் அன்றைய கூலி அவருக்குத்தான் நஷ்டம். வீட்டு அடுப்பை நம்பியிருக்கும் கூலியை விட்டுக்கொடுத்தாவது அந்த இடத்துக்குப் போகாமலிருக்க மனம் துணிகிறது. வாரங்கள் போகப்போக இது கூடியதே தவிர ஆறவில்லை. கூடுதல் கூலி பெற்றவர்களும் அதற்கு ஈடாகக் கூடுதலாக உழைத்துவிடவில்லை. கடைசியில் சேர்ந்து செய்தால் எல்லோருக்கும் காசு கிடைக்கும் சில கூட்டு விளையாட்டுகளை வைத்தார்கள். ஏற்றத்தாழ்வு அணியினர் அதிலும் சேர்ந்து இயங்கத் தடுமாறினார்கள்.

இங்கேயே நின்றிருந்தால் ‘எல்லோருக்கும் சம கூலி கொடு’ என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். சில பொருள்களைச் செய்யும்போது யார் எத்தனை முடித்தார் என்பது எதிரிலேயே குவிந்து கண்ணுக்குத் தெரியும். சில பொருள்களில் தெரியாது. தன்னைவிட அதிகக் கூலி வாங்குபவர் அதிகமாகவே செய்கிறார் என்று தொழிலாளி கண்ணால் காண முடிந்த அணிகளில், கூலி வேறுபாடு உற்பத்தியையும் வருகையையும் பாதித்ததாகவே தெரியவில்லை. வேறுபாட்டுக்கான காரணம் மறைந்திருந்த இடங்களில்தான் மனம் முறிந்தது.

தூத்துக்குடிக் கடலிலேயே இதற்கு இணை உண்டு. சங்கு குளிப்பவர்களுக்கு எடுத்த சங்கின் எண்ணிக்கைக்குத் தக்கபடி கூலி என்ற முறை நெடுநாள் வழக்கம். சங்கைக் கரையில் கொட்டி, அளவு பார்த்து, சிறியதைக் கழித்து, எண்ணுவார்கள். முத்துச் சிப்பியைப்போல் உள்ளே ஒளிந்திருக்கும் பரிசு எதுவும் அதில் இல்லை. ஒருவர் அதிகம் வாங்கினால் ஏன் அதிகம் வாங்கினார் என்பது எண்ணி வைத்த சங்காகவே முன்னால் கிடக்கிறது. எண்ணிக்கை கண்ணெதிரே இருக்கும் வேலையில் வேறுபாடு சுடுவது குறைவு என்ற ஒடிசா முடிவுக்கு அது ஒத்துப்போகிறது.

அலுவலகங்களில் எண்ணிவைக்க ஏதுமில்லை. யார் எவ்வளவு செய்தார் என்பது மங்கல், சம்பளமோ ரகசியம். அந்த ரகசியம் உடைந்தால் என்ன ஆகும் என்பதை டேவிட் கார்ட் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் பார்த்தார்கள். அரசு ஊழியர் சம்பளங்களை ஒரு நாளிதழ் இணையத்தில் வெளியிட்டிருந்தது. ஊழியர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அந்தத் தளம் இருப்பதை மட்டும் தெரிவித்தார்கள். தன் பிரிவின் நடுமட்டத்துக்குக் கீழே சம்பளம் வாங்கியவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. நடுமட்டத்துக்கு மேலே வாங்கியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியதா? இல்லை. மேலே இருப்பது இனிப்பதைவிடக் கீழே இருப்பது அதிகம் கசக்கிறது. ஒப்பீட்டில் லாபமும் நஷ்டமும் சமமாக இருப்பதில்லை.

விதி வளர்க்கும் போட்டி

இதுவரை பார்த்தது பங்கின் அளவும் காரணமும். பங்கு போடும் விதியே ஆட்களை எதிரெதிரே நிறுத்திவிடுவதும் உண்டு.

இங்கிலாந்தில் ஒரு பழத்தோட்டம். ஓரியானா பண்டியேரா, இவான் பராங்கே, இம்ரான் ரசூல் மூவரும் அங்கே பழம் பறிப்பவர்களின் தினசரிக் கணக்கை ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். பருவத்தின் முதல் பாதியில் ஒருவரின் கூலி, அன்றைய எல்லோருடைய சராசரியோடு அவரை ஒப்பிட்டுத் தீர்மானமானது. ஒருவர் வேகமாகப் பறித்தால் சராசரி ஏறும், மற்றவர்களின் கூலி இறங்கும். இதை ‘ஒப்புநிலைக் கூலி’ எனலாம். பாதியில் தோட்டத்தார் இதைக் கைவிட்டு, பறித்த எடைக்குக் கூலி என்ற பீஸ் ரேட்டுக்கு மாறினார்கள். ஆள் அதே, தோட்டம் அதே. ஒருவர் பறித்த அளவு குறைந்தபட்சம் 50 சதவீதம் ஏறியது.

அப்படியானால் முதல் பாதியில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நண்பனின் கூலியைக் குறைக்க மனமில்லாமலா, வேகமாகப் பறித்தால் மற்றவர்களின் பகை வருமே என்ற அச்சத்தாலா? இதற்கும் தோட்டத்திலேயே விடை கிடைத்தது. ஒரு வகைப் பழம் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புதரில் காய்த்தது. அங்கே ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அந்தப் புதர்களில் எவரும் கையைக் கட்டவில்லை. ஆகவே கருணையைவிடக் கண்காணிப்புக்குத்தான் பங்கு அதிகம். நன்றாக வேலை செய்பவரை ‘ஏன் எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாய்’ என்று சகாக்கள் பார்க்கும் பார்வையை அந்தக் கூலி விதிதான் உண்டாக்கியது. பத்துப் பேரில் இருவருக்கு மட்டும் ‘மிகச் சிறப்பு’ என்று கட்டாயமாக வரிசைப்படுத்தும் நிறுவனங்கள் செய்வதும் இதையேதான்.

தொழிலின் அமைப்பு நாளடைவில் ஆளின் சுபாவத்துக்குள்ளும் இறங்குமா? வடகிழக்கு பிரேசிலில் இரண்டு மீனவச் சமூகங்களை ஆண்ட்ரியாஸ் லைப்ரான்ட்டும் சகாக்களும் ஒப்பிட்டார்கள். ஏரி மீனவர்கள் தனித்தனிப் படகில் தனித்தனியே பிடிப்பவர்கள். கடல் மீனவர்கள் நம் ஊரைப்போல் கூட்டமாகப் போய்க் கிடைத்ததைப் பங்கிடுபவர்கள். பந்தை வாளிக்குள் போடும் எளிய விளையாட்டு வைத்து, ‘போட்ட பந்துக்குப் பணமா, எதிராளியை வென்றால் மட்டும் அதிகப் பணமா’ என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஏரிக்காரர்கள்தான் போட்டியை அதிகம் நாடினார்கள். தொழிலில் ஆண்டுகள் ஏற ஏற ஏரிக்காரர்களின் போட்டி நாட்டமும் ஒரு கட்டம்வரை ஏறியது.

தூத்துக்குடி நாட்டுப்படகுகளில் டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதைப் படகுப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு என்று பிரிக்கிறார்கள். மீன்பாடு நன்றாக இருந்தால் எல்லோருக்கும் கூடும், இல்லையென்றால் எல்லோருக்கும் குறையும். பக்கத்தில் நிற்பவன் வலுவாக வலை இழுத்தால் அது என் பங்குக்கும் நல்லது. பழத்தோட்டத்தின் முதல் பாதியை அப்படியே தலைகீழாகத் திருப்பிய விதி இது.

மூன்று குவியல்களின் கணக்கு

இப்போது மரிச்சுக்கட்டிக் களத்துக்குப் போகலாம். அங்கே மூன்று காப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

முதலாவது, பிரிப்பவரும் எடுப்பவரும் வேறு வேறு ஆள். வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு துண்டு முதலூர் மஸ்கோத் அல்வாவைப் பங்கிட வேண்டும் என்றால் புத்திசாலி அம்மா என்ன செய்வார்? ஒருவரை வெட்டச் சொல்லி, மற்றவரை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வார். வெட்டுபவர் தன் நன்மைக்காகவே சமமாக வெட்டியாக வேண்டும். எடுப்பவருக்குக் குறை சொல்ல வாயில்லை. களத்தில் நடந்ததும் இதுதான். ஒரு குவியலைச் சிறிதாக்கினால் அதுதான் தங்கள் தலையில் விழும் என்று குளியாட்களுக்குத் தெரியும். கோடிக்கணக்கான சிப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணாமல், தராசு இல்லாமல், யாருடைய நாணயத்தையும் நம்பாமல் பங்கு நேரானது. போலந்துக் கணிதவியலாளர் ஹ்யூகோ ஸ்டைன்ஹவுஸும் சகாக்களும் 1940களில் இந்தப் பழைய உத்தியைப் பல பேருக்கு விரித்து, ‘நேர்ப் பங்கீடு’ என்ற கணிதத் துறைக்கே அடித்தளம் போட்டார்கள்.

இரண்டாவது, அதிர்ஷ்டம் முகம் காட்டுவதற்கு முன்பே பங்கு முடிந்துவிட்டது. சிப்பி திறந்த பிறகு பங்கிட்டிருந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வழக்காகியிருக்கும். மூடிய சிப்பிக்கு முன்னால் எல்லோரும் சமம். அப்புறம் ஒருவருக்கு முத்து கிடைத்தால் அது சிப்பியின் செயல், சக ஆளின் சூழ்ச்சியோ மேலாளின் ஓரவஞ்சனையோ இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முன்பு பார்த்த இரண்டு கேள்விகளை நினைவுபடுத்திக்கொண்டால், ‘எனக்கும் கிடைத்திருக்கலாம்’ என்ற வாய்ப்பு அங்கே திறந்தே இருக்கிறது.

மூன்றாவது, விரும்பினால் அதிர்ஷ்டத்தையே கைமாற்றலாம். குளியாட்களில் பலர் தங்கள் பங்கைத் திறக்காமலே களத்துக்கு வெளியே காத்திருந்த சில்லறை வியாபாரிகளிடம் விற்றுக் காசாக்கினார்கள். முத்து இருக்குமா இருக்காதா என்ற சூதாட்டம் வியாபாரியின் தலைக்குப் போனது. இரண்டு குளியாட்களுக்கு இடையே மலைக்கும் மடுவுக்குமாக இருந்திருக்க வேண்டிய வித்தியாசம், எடுத்த சிப்பியின் எண்ணிக்கை அளவுக்குச் சுருங்கியது.

இதை வைத்து அந்த முகாம்களைச் சண்டை சச்சரவில்லாத சொர்க்கம் என்று எண்ணிவிடக் கூடாது. வரும் வழியில் சிப்பியைத் திறந்து முத்தை ஒளிப்பது சகஜம். அதைத் தடுக்கப் படகுகளில் காவலர் ஏற்றப்பட்டார்கள். எந்தச் சமூகத்துக்கு, எந்தத் தலைவருக்கு எத்தனை கல் இறக்கும் உரிமை என்பதில் நூற்றாண்டுகளாகப் பூசல் இருந்தது. நல்ல விதி இருந்த இடத்தில் மனம் அடங்கியது, விதி இல்லாத இடைவெளியில் கை நீண்டது.

பொறாமையா, நியாயமா?

இந்தக் கதையில் இன்னொரு கணக்கும் கிடக்கிறது. குவியல்கள் மூன்றும் சமம் என்பதில் எல்லோரும் கண்ணாக இருந்தார்கள். உயிரைப் பணயம் வைத்துக் குளித்தவர்களுக்கு ஒன்று, கரையில் நின்ற அரசுக்கு இரண்டு என்ற விகிதத்தை அந்தக் களத்தில் யாரும் குவியல் போட்டுப் பார்க்கவில்லை. பக்கத்து ஆளோடு உள்ள பங்கு நேராக இருந்தால் மனம் சமாதானமாகிவிடுகிறது. பெரிய பங்கு போன திசை ஒப்பீட்டு வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. பொறாமை இல்லாத இடமெல்லாம் நியாயமான இடம் என்று சொல்ல முடியாது.

இதன் மறுபக்கமும் உண்மை. கூலியைப் பற்றிய குறையையெல்லாம் பொறாமை என்று தள்ளிவிடுவதும் தவறு. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். சில நாள்களில் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. அந்தத் தொழிலாளர்கள் பக்கத்தில் நின்ற சகாவின் கூலியைப் பார்த்து எரியவில்லை. தங்கள் உழைப்புக்கும் ஆலை முதலாளியின் லாபத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். ஒப்பீடு பக்கவாட்டில் பாய்ந்தால் சகாவோடு சண்டை. மேல்நோக்கிப் பாய்ந்தால் சகாவோடு சேர்ந்து கோரிக்கை. மனத்தின் இயந்திரம் ஒன்றுதான், அளவுகோலை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

துறைமுகத் தொழிலின் வரலாறும் இதையே சொல்கிறது. இந்தியத் துறைமுகங்களில் ஒரு காலத்தில் அன்றன்றைக்கு வாசலில் கூடுகிறவர்களில் மேஸ்திரி கைகாட்டியவருக்கு மட்டும் வேலை. யாரை எடுத்தார், ஏன் எடுத்தார் என்று தெரியாது. மேஸ்திரியைத் தாஜா செய்தவர்மேல் மற்றவர்களுக்கு ஆத்திரம். 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் தொழிலாளர்களைப் பதிவு செய்து, வேலையை முறைப்படி பகிர்ந்தளிக்க வழி வகுத்தது. முறை வைத்து வேலை என்றால், இன்று என் முறை, நாளை உன் முறை. மேஸ்திரியின் தயவு போய்ப் பட்டியல் வந்தபோது போட்டிக்கான காரணமும் குறைந்தது.

போட்டியே கூடாது என்றும் அறிவியல் சொல்லவில்லை. அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றின் பில் போடும் ஊழியர்களை அலெக்ஸாண்டர் மாஸும் என்ரிக்கோ மொரெட்டியும் ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். வேகமான ஊழியர் ஒருவர் ஷிஃப்டுக்கு வந்ததும் மற்றவர்களின் வேகமும் கூடியது. அதிலும் எல்லோருக்கும் கூடவில்லை, அந்த வேகக்காரரின் கண்பார்வையில் இருந்தவர்களுக்குத்தான் கூடியது. அங்கே ஒருவரின் வேகம் இன்னொருவரின் கூலியைக் குறைக்கவில்லை. யார் வேகம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, எட்டிப் பிடிக்கவும் முடிந்தது. ஏறும் பொறாமைக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தன.

ஆகவே ‘எங்கள் ஆபீசில் ஒருவரை ஒருவர் காலை வாருகிறார்கள்’ என்று புலம்பும் மேலாளர் ஆட்களுக்கு யோகா வகுப்பு வைப்பதற்கு முன், நாலு கேள்விகளைத் தனக்குத் தானே கேட்டுப் பார்க்கலாம். யார் எவ்வளவு செய்தார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறதா? ஒருவர் நன்றாகச் செய்தால் மற்றவரின் பங்கு குறையும்படி விதி இருக்கிறதா? பங்கைப் பிரிப்பவரே முதலில் எடுத்துக்கொள்கிறாரா? பலன் தெரிவதற்கு முன்பே விகிதம் பேசி முடிக்கப்பட்டதா? இவற்றுக்குச் சரியான பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஆறு மாதத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஊழியர்களும் ஐந்தாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்: பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு குவியல்கள் எந்தப் பக்கம் போகின்றன?